புதைபொருளின் குரல்

கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைக் காதினால் அறிந்துகொள்வது மனிதனுக்குப் புதிதன்று. தேங்காயைத் தட்டிப் பார்த்து, அது முற்றியதா இளசா என்று சொல்லுகிறோம். மண்பானை வாங்கச் செல்பவர் அதைச் சுண்டிப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. மருத்துவர் நோயாளியின் மார்பில் விரலால் தட்டி, உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுகிறார். இம்மூவருக்கும் காதில் விழுவது ஓசை ஒன்றுதான். ஆனால் அவர்கள் அறிவது ஓசையை அன்று, ஓசையின் பொருளை. பழகாத காதுக்கு வெறும் ஓசையாக இருப்பது, பழகிய காதுக்குச் செய்தியாகிவிடுகிறது.

மண்ணுக்குள் மறைந்துள்ள உலோகத்தைக் கண்டறியும் கருவியின் கதையும் இத்தகையதே. அக்கருவியைத் தரைமீது வீசிக்கொண்டு நடந்தால், உலோகம் உள்ள இடத்தில் ஓர் ஒலி எழுகிறது. ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்பதை மட்டும் அது திட்டமாகச் சொல்லுகிறது. அந்த ‘ஏதோ’ என்பது பழங்காசா, துருப்பிடித்த ஆணியா, அல்லது காலை வைத்தவுடன் வெடிக்கும் கண்ணிவெடியா என்பதை, ஒலியைக் கேட்பவர்தான் ஆராய்ந்து துணிய வேண்டும். அத்துணிவு எவ்வாறு பிறக்கிறது என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் கருவி வேலை செய்யும் முறையை அறிந்துகொள்வது நலம். கோலின் நுனியில் உள்ள வட்டத் தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள்கள் இரண்டு இருக்கின்றன. ஒரு சுருளில் வினாடிக்குச் சில ஆயிரம் முதல் பல்லாயிரம் முறை வரை திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அதனால் தரைக்குள்ளும் அதே வேகத்தில் மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் பரவுகிறது. மாறும் காந்தப்புலத்தில் ஓர் உலோகத் துண்டு அகப்பட்டால், அதனுள் நீர்ச்சுழி போன்ற சிறு மின்னோட்டங்கள் பிறக்கின்றன. 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின் தூண்டல் என்னும் உண்மையின் பயனே இது. இச்சுழல் மின்னோட்டங்கள் தமக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. அதைத்தான் இரண்டாவது சுருள் கேட்கிறது. முதற் சுருள் பேசுகிறது. உலோகம் மறுமொழி கூறுகிறது. இரண்டாவது சுருள் செவி சாய்க்கிறது. முதற் சுருளின் பேச்சே இரண்டாவதன் செவியை அடைத்துவிடாதபடி, இரண்டையும் ஒன்றுக்கொன்று சரிக்கட்டி வைத்திருப்பார்கள்.

இந்த முறையை மனித உயிரைக் காப்பதற்குப் பயன்படுத்த முயன்றவர், டெலிபோனை நமக்களித்த அலெக்சாந்தர் கிரகாம் பெல். 1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்பீல்டு வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். ஒரு குண்டு உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்படுவதற்கு இன்னும் 14 ஆண்டுகள் இருந்த காலம் அது. பெல் கம்பிச் சுருள்களையும் டெலிபோனையும் இணைத்து ஒரு கருவி அமைத்தார். பழைய போரில் உடலில் குண்டு தங்கிவிட்ட சிப்பாய்கள் சிலரிடம் சோதித்துப் பார்த்தபோது அது குண்டின் இருப்பிடத்தைக் காட்டியது.

ஆனால் வெள்ளை மாளிகையில் அது பயன்படவில்லை. ஜூலை 26-ஆம் நாள் செய்த முதற் சோதனையில் கருவியின் இணைப்பில் நேர்ந்த பிழையால் இடையறாத இரைச்சல் கேட்டது. ஆகஸ்டு 1-ஆம் நாள் செய்த இரண்டாவது சோதனையில், ஓரிடத்தில் மட்டும் கேட்க வேண்டிய மெல்லிய ஒலி அகன்ற பரப்பு முழுவதும் கேட்டது. நோயாளி படுத்திருந்த மெத்தையின் கீழே எஃகுக் கம்பிகளாலான மற்றொரு மெத்தை இருந்தது என்பது பின்னரே தெரியவந்தது. மேலும், தலைமை மருத்துவர் குண்டு வலப்புறத்தில் இருப்பதாகவே நம்பியதால், அப்புறத்தை ஆராயவே இடந்தந்தார். செப்டம்பர் 19-ஆம் நாள் ஜனாதிபதி இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது குண்டு முதுகெலும்பின் இடப்புறத்தில் இருந்தது.

குறியைப் படிப்பவர் மறக்கக் கூடாத இரு பாடங்கள் இச்சம்பவத்தில் உள்ளன. கருவி சொல்லுவது தேடும் பொருளைப் பற்றி மட்டுமன்று. சூழ உள்ள எல்லாவற்றையும் பற்றித்தான் என்பது ஒன்று. முன்கூட்டியே செய்துகொண்ட முடிவு, கருவியின் செவியையும் அடைத்துவிடும் என்பது மற்றொன்று.

பெல்லின் கருவி ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரு சொற்களையே அறிந்திருந்தது. இன்றைய கருவிகள் அதனினும் கூடுதலாகப் பேசுகின்றன. மறுமொழி எவ்வளவு உரக்க வருகிறது என்பதோடு, எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதையும் அவை அளக்கின்றன. இந்தத் தாமதத்தில்தான் உலோகத்தின் இயல்பு வெளிப்படுகிறது. இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படுவது. ஆகையால், சிறு இரும்புத் துண்டு பெரும்பாலும் காந்தப்புலத்தோடு ஒத்தே ஆடுகிறது. மெல்லிய அலுமினியத் தாளில் மின்னோட்டம் தடைபட்டு ஓடுவதால், அதன் மறுமொழி ஏறத்தாழக் கால் அலை பின்தங்குகிறது. கனமான வெள்ளிக் காசிலோ மின்னோட்டம் தடையின்றி ஓடுகிறது. அதன் மறுமொழி ஏறக்குறைய அரை அலை பின்தங்கி வருகிறது. கருவி இத்தாமதத்தை ஓர் எண்ணாகவோ, தாழ்ந்தும் உயர்ந்தும் ஒலிக்கும் சுரமாகவோ மாற்றித் தருகிறது. பெரும்பாலான கருவிகளில் இரும்புக்குத் தாழ்ந்த குரல். அலுமினியத் தாளுக்கு இடைப்பட்டது. செம்புக்கும் வெள்ளிக்கும் உயர்ந்த குரல்.

அப்படியானால் எண்ணைப் பார்த்தவுடன் உலோகத்தின் பெயரைச் சொல்லிவிடலாமே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். தாமதம் என்பது உலோகத்தின் கடத்துந்திறனை மட்டும் பொறுத்ததன்று. பொருளின் பருமன், கனம், வடிவம், கிடக்கும் நிலை யாவும் அதில் கலந்துள்ளன. தங்கம் மின்சாரத்தை நன்கு கடத்தும் உலோகந்தான். ஆயினும் சிறிய, மெல்லிய தங்க மோதிரம், குளிர்பானப் புட்டியின் அலுமினியத் திறப்பு வளையத்துக்கு உரிய எண்ணையே காட்டக்கூடும். வேண்டாத அலுமினியம் என்று அந்த எண்ணை ஒதுக்குபவர், அதனோடு தங்கத்தையும் ஒதுக்கிவிடுகிறார். அகன்ற இரும்புத் தகடோ, தனக்குள் ஓடும் பெரிய சுழல் மின்னோட்டத்தால் வெள்ளியைப் போல உயர்ந்த குரலில் பேசி ஏமாற்றும். எண் என்பது சாட்சியே அன்றித் தீர்ப்பன்று.

நல்ல நீதிபதி ஒரே சாட்சியைக் கேட்டுத் தீர்ப்பளிப்பதில்லை. அனுபவமுள்ளவரும் அதே குறியைப் பல கேள்விகள் கேட்டுச் சோதிக்கிறார். முதற் கேள்வி: இடமிருந்து வலமாக வீசினாலும், வலமிருந்து இடமாக வீசினாலும் ஒலி ஒரே இடத்தில், ஒரே குரலில் வருகிறதா? வட்டமான காசு பெரும்பாலும் அவ்வாறே பேசும். ஒருமுறை கேட்டு மறுமுறை கேளாத ஒலி ஐயத்துக்குரியது. இரண்டாவது: நின்ற இடத்திலிருந்து கால்வட்டம் சுற்றி வந்து, குறுக்குத் திசையில் வீசினால் என்ன ஆகிறது? நீண்ட ஆணி ஒரு திசையில் ஒருவிதமாகவும், மற்றத் திசையில் வேறுவிதமாகவும் ஒலித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது: கருவியை மெல்ல மேலே தூக்கினால் ஒலி உடனே மறைகிறதா, நீடிக்கிறதா? சிறு பொருளின் ஒலி விரைவில் மங்கும். பெரிய தகரப் பாத்திரத்தின் ஒலி தட்டை உயர்த்திய பின்னும் தொடரும். நான்காவது: ஒலி கேட்கும் பரப்பு எவ்வளவு? அதன் எல்லையைத் தரையில் வரைந்து பார்த்தால் பொருளின் அளவு ஓரளவு புலனாகும்.

ஆழத்தைக் கணிப்பது இன்னும் கடினம். காந்தப்புலம் கீழே செல்லும்போதும் தளர்கிறது. மறுமொழி மேலே வரும்போதும் தளர்கிறது. சுருளின் அகலத்தைக் காட்டிலும் தொலைவு மிகும்போது, சிறு பொருளின் மறுமொழி தொலைவின் ஆறாம் படிக்கு ஏற்பக் குறைகிறது. அதாவது, ஆழம் 2 மடங்கானால் ஒலியின் வலிமை 64-இல் ஒரு பங்காகிவிடும். ஆதலால் மெல்லிய ஒலி எழுந்தால், அது ஆழத்தில் உள்ள பெரிய பொருளாகவும் இருக்கலாம். மேலே கிடக்கும் சிறு துணுக்காகவும் இருக்கலாம்.

மண்ணும் ஊமையன்று. இரும்புத் தாதுக்கள் செறிந்த செம்மண்ணும், உப்புநீர் தோய்ந்த கடற்கரை மணலும் தாமே மறுமொழி கூறும். அதனால் வேலையைத் தொடங்குமுன், உலோகம் இல்லாத இடத்தில் கருவியை உயர்த்தித் தாழ்த்தி, மண்ணின் குரல் அடங்குமாறு சரிசெய்துகொள்வார்கள்.

மண் மிகவும் தொல்லை தரும் இடங்களில் மற்றொரு முறை கைகொடுக்கிறது. சுருளில் மின்சாரத்தைச் சிறு சிறு துடிப்புகளாகச் செலுத்திச் சட்டென்று நிறுத்துகிறார்கள். நிறுத்திய பின் எஞ்சும் அதிர்வைக் கேட்கிறார்கள். கோயில் மணியை அடித்தால் அதன் நாதம் நெடுநேரம் நிற்கிறது. தகரக் குவளையைத் தட்டினால் ஓசை உடனே அடங்கிவிடுகிறது. அதுபோலவே, கனமான நற்கடத்தியில் சுழல் மின்னோட்டம் மெல்ல மெல்லத் தேய்கிறது; மெல்லிய தாளில் விரைந்து மடிகிறது; உப்புநீரில் அதனினும் விரைவாக மடிகிறது. ஒரு கணம் பொறுத்துக் கேட்டால் கடலின் ஓசை ஓய்ந்திருக்கும். உலோகத்தின் ஓசை மட்டும் எஞ்சியிருக்கும். ஆனால் இரும்பை ஏனையவற்றிலிருந்து பிரித்தறிவது இம்முறையில் எளிதன்று.

இனி, இக்கலை உயிரோடு விளையாடும் இடத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது, போலந்து நாட்டுப் பொறியியலறிஞரான ஜோசப் கொசாக்கி ஸ்காட்லாந்தில் இருந்துகொண்டு, ஒரு வீரர் தாமே தூக்கிச் செல்லக்கூடிய கண்ணிவெடி காட்டும் கருவியை அமைத்தார். 1942 அக்டோபரில் எகிப்தின் எல் அலமெய்ன் பாலைவனத்தில் நடந்த போரில் அத்தகைய 500 கருவிகள் பயன்பட்டன. அதன் பின்னர்க் கண்ணிவெடி செய்வோர் தந்திரத்தை மாற்றினர். உடலை மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் செய்து, வெடிக்கும் உறுப்பில் மட்டும் சில கிராம் உலோகத்தையோ, அதற்கும் குறைவாகவோ வைத்தனர்.

எனவே, வெடியகற்றும் பணியாளர் கேட்க வேண்டியது மிக மெல்லிய ஒலி. போர் நடந்த நிலத்திலோ துப்பாக்கிக் குண்டும், சிதறிய இரும்பும், முள்வேலித் துண்டும் எங்கும் இறைந்து கிடக்கும். கம்போடியாவில் 1992 முதல் 1998 வரை தோண்டி எடுக்கப்பட்ட ஏறத்தாழ 20 கோடிப் பொருள்களில், வெடிக்கக்கூடியவை 100-க்கு 1 கூட இல்லை. காசு தேடுபவருக்கு ஐயத்துக்குரிய ஒலியைத் தள்ளிவிட்டு மேலே நடக்கும் உரிமை உண்டு. அவர் இழப்பது ஒரு காசு. வெடியகற்றுபவருக்கோ அவ்வுரிமை கிடையாது. ஒவ்வோர் ஒலியும் கண்ணிவெடி என்றே கொண்டு, இடத்தைக் குறித்து, பக்கவாட்டிலிருந்து சிறிது சிறிதாக மண்ணை விலக்கிப் பார்த்த பின்னரே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். நாள்தோறும் வேலை தொடங்குமுன், தெரிந்த ஆழத்தில் வைத்த ஒரு மாதிரிப் பொருளின்மீது கருவியைப் பிடித்து, அது சரியாகக் கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். அண்டை நாடாகிய இலங்கையின் வடபகுதியில், முகமாலை போன்ற இடங்களில், தமிழ்ப் பெண்கள் பலர் இப்பணியை ஆண்டுக்கணக்காகச் செய்து வந்திருக்கின்றனர். அவர்கள் அளந்து அளந்து மீட்டுத் தந்த நிலங்களில் மக்கள் மீண்டும் குடியேறியிருக்கின்றனர்.

ஒலியைப் படிப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. 1992 நவம்பரில், இங்கிலாந்தின் ஹொக்சன் என்னும் ஊரில், ஓர் உழவர் வயலில் தவறவிட்ட சுத்தியலைத் தேடித் தருமாறு கருவி வைத்திருந்த நண்பரை அழைத்தார். கருவி வலிமையாக ஒலித்தது. தோண்டினால் வெள்ளிக் கரண்டிகளும், பொன்னணிகளும், நாணயங்களும் வெளிப்பட்டன. அவ்விருவரும் ஆசையால் முழுவதையும் தோண்டி எடுக்காமல் நிறுத்திக்கொண்டு அதிகாரிகளுக்குச் செய்தி அனுப்பினர். அதனால் ஆராய்ச்சியாளர், பொருள்கள் அடுக்கப்பட்டிருந்த முறையையும், அவை இருந்த மரப்பெட்டியின் அடையாளங்களையும் கண்டு குறிக்க முடிந்தது. ஏறக்குறைய 15,000 ரோமானிய நாணயங்கள் கிடைத்தன. தேடிய சுத்தியலும் அகப்பட்டது. இரண்டும் இன்று பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலையில் உள்ளன.

நம் நாட்டிலும் புதையல் பற்றிய சட்டம் 1878-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. மண்ணில் மறைந்து கிடந்து வெளிப்படும் பொருள் 10 ரூபாய் மதிப்பைக் கடந்தால், கண்டவர் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. காரணம் விலை மட்டுமன்று. ஒரு காசு எந்த அடுக்கில், எந்தப் பொருளுக்கு அருகில் கிடந்தது என்பதே அக்காலத்தின் வரலாற்றைச் சொல்லும். கண்டபடி தோண்டி எடுத்துவிட்டால், காசு கையிலிருக்கும். வரலாறு கைவிட்டுப் போய்விடும்.

மருத்துவர், போர்வீரர், உழவர், வெடியகற்றும் பெண் ஆகிய எல்லோருடைய காதிலும் விழுவது ஒரே வகை ஒலிதான். அதைக் கேட்டு எதைத் துணியலாம், எதைத் துணியக் கூடாது என்பது, தவறினால் யாருக்கு என்ன நேரும் என்பதைப் பொறுத்திருக்கிறது. கருவி ஒலியைத் தரும். பொருளை நாமே அறிய வேண்டும். அதற்குப் பௌதிக அறிவும் வேண்டும், பொறுமையும் வேண்டும், முடிவை முன்னமே செய்துகொள்ளாத மனமும் வேண்டும்.