கொழும்பில் வந்திறங்கிய சல்வீனியா



தென் அமெரிக்காவின் பம்பாஸ் புல்லை, அதன் வெண்ணிறப் பூங்கொத்தின் அழகுக்காக ஹவாய்த் தீவுகளில் நட்டார்கள். அது கட்டுமீறிப் பரவியதால், இன்று அங்கே மாவுயி தீவின் ஹலேயகலா மலைச்சரிவுகளில் அதைத் தேடித் தேடிப் பிடுங்குகிறார்கள்.

நம் இலங்கைத் தீவும் இப்படி அவதிப்பட்டதுதான். 1939இல் தாவரவியல் படிப்புக்காகக் கொழும்புக்கு வந்த சல்வீனியா என்னும் மிதக்கும் நீர்ச்செடி, சில ஆண்டுகளிலேயே வெளியே தப்பி, வாய்க்கால், வயல், குளம் என்று பரவியது.

அதன் இலையொன்றைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். மேலெல்லாம் நுண்ணிய மயிர்கள். ஒவ்வொன்றின் நுனியும் முட்டை அடிக்கும் கம்பியைப் போல வளைந்து சேர்ந்திருக்கும். தண்ணீரில் அமுக்கினாலும் நனையாமல் மேலே வரும். விதையும் வேண்டாம். அள்ளும்போது முறிந்து விழும் சிறு துண்டே புதுச் செடியாகிவிடும். குளத்தைப் பாய் விரித்ததுபோல் மூடினால், அடியில் வெளிச்சமின்றி, மூச்சுமுட்டி மீன்கள் சாகும்.

அள்ளி அள்ளி ஓய்ந்த பிறகு, 1980களின் பிற்பகுதியில் கைகொடுத்தது சுமார் 2 மில்லிமீற்றர் நீளக் கூன்வண்டு. பிரேசிலைப் பூர்வீகமாகக் கொண்ட இது, சல்வீனியாவின் குருத்தைத் தின்னும். இதன் புழு தண்டைக் குடையும்.

கொழும்பின் மருதானையோ வெள்ளவத்தையோ, வீட்டு மீன்தொட்டியைக் கழுவுகிறவர்களே, மிஞ்சிய நீர்ச்செடியைக் கால்வாயில் வீசிவிடாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.