உங்களுக்குத் தெரியுமா? கல்கத்தாவின் கிடர்பூர் பக்கம் ஒரு சினிமா ரவுண்டு!

அம்ஜத் கான் என்றால் ‘ஷோலே’ கப்பர் சிங்தானே? இரண்டே வருஷத்தில் அவர் பாட்டும் நடனமுமாகத் திரியும் நவாப் ஆகிவிட்டார்! சத்யஜித் ராயின் ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’, 1977. கிரீடத்தைக் கழற்றி நீட்டும் காட்சியில் அந்தக் கப்பரா இவர் என்று அசந்துபோவீர்கள்!

அந்த நவாப் வாஜித் அலி ஷா நிஜ மனிதர். அவத் ராஜ்யத்தை வெள்ளைக்காரன் பிடுங்கிக்கொண்டதும் வந்து குடியேறிய இடம் மட்டியாபுருஜ். கிடர்பூருக்குப் பக்கத்து ஏரியா! லக்னோவுக்குத் திரும்பவே இல்லை. மட்டியாபுருஜிலேயே காலமானார். வருஷம் 1887!

அந்தப் படத்தில் கதை சொல்லும் கம்பீரக் குரல் யாருடையது? அமிதாப் பச்சன்! சினிமாவுக்கு முன்னால் கல்கத்தாவில் ஆபீஸ் உத்தியோகம் பார்த்தவர் அவர்!

கிடர்பூர் துறைமுகம் 1892-லிருந்து இருக்கிறது. ஆனால் துறைமுகக் கூலியாக அமிதாப் பின்னியது பம்பாய்க் கதையில். ‘தீவார்’, 1975. கோடவுன் கதவைப் பூட்டி, சாவியை வில்லனிடமே வீசுவாரே, அதற்குச் சமமான சண்டைக்காட்சி நான் பார்த்ததில்லை!

அதில் சட்டையை இடுப்பில் முடிச்சுப் போட்டிருப்பார், கவனித்தீர்களா? ஊரே காப்பியடித்த ஸ்டைல். தையல் கோளாறு சார் அது! சட்டை முழங்காலைத் தாண்டித் தொங்கியதாம். கேமரா ரெடி. இரண்டு முனையையும் பிடித்து ஒரு முடிச்சு! சொன்னது அமிதாப்பேதான்.

அந்த வேஷத்தைத் தமிழில் போட்டது நம்ம ரஜினி. ‘தீ’, 1981!

கிடர்பூர் பக்கம் இறங்கும் வித்யாசாகர் சேது 823 மீட்டர் நீளம். மணிரத்னத்தின் ‘யுவா’ சுற்றிச் சுழல்வது அங்கேதான். தமிழ் ‘ஆய்த எழுத்து’க்கு நேப்பியர் பாலம். இரண்டும் ஒரே நாள் ரிலீஸ், 2004 மே 21! தமிழில் இன்பாவாக மாதவன், இந்தியில் லல்லனாக அபிஷேக். ஒரே ரோல், இரண்டு ஃபிலிம்ஃபேர்! என் ஓட்டு மாதவனுக்கு. அந்த முறைப்பு ஒன்று போதும்!

கல்கத்தா டிராம் பார்க்க வேண்டுமா? ராயின் ‘மகாநகர்’ (1963) டைட்டிலைப் பாருங்கள். டிராம் கம்பம் மட்டும்தான். மின்கம்பியை உரசி உரசி ஓடும், பொறி பறக்கும். கண்ணை எடுக்க முடியாது!

கல்கத்தாவின் முதல் மின்சார டிராம் எங்கே ஓடியது தெரியுமா? எஸ்பிளனேடிலிருந்து கிடர்பூருக்கு, 1902-ல்!

நம்ம மெட்ராஸில்? 1895!