யாருடைய செலவில்?

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தார் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. மாதம் முடிந்தாற் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம், கலியாணப் பேச்சில் ஒரு மதிப்பு ஆகிய இம்மூன்றையும் கருதிப் பிறந்த மொழி அது. அதனை எள்ளி நகையாடாத இலக்கிய அன்பர் நம்மிடையே அரியர். நானும் ஒரு காலத்தில் நகைத்தவனே. இன்று, எழுபத்தெட்டாவது வயதில், அதனைக் கேட்கும்போது எனக்கு நகைப்பு வருவதில்லை. என் தமக்கையின் முகமே நினைவுக்கு வருகின்றது.

சென்ற மாதம் அயலிலுள்ள இளைஞன் ஒருவன் இரண்டு கடிதங்களுடன் என்னிடம் வந்தான். ஒன்று வங்கி ஒன்றின் நியமனக் கடிதம். மற்றையது மருதனார்மடத்தில் வயலின் பயில்வதற்கான அனுமதி. தந்தை இல்லாத பிள்ளை. இரண்டு தங்கைமார் படித்துக்கொண்டிருக்கின்றனர். "ஐயா, மனத்துக்குப் பிடித்த தொழிலா, சம்பளமா? எதைத் தெரிவது?" என்று வினவினான்.

இத்தகைய வினாவுக்கு மேடைகளில் நாம் கூறும் விடை ஆயத்தமாகவே இருக்கின்றது. கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைப் பார் என்போம். 1903 ஆம் ஆண்டு முதல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக விளங்கியவர். தோரியனைற்று என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்தவர். அப்பதவியை விட்டுக் கலையாராய்ச்சியில் இறங்கினார். 1917 இல் அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் சேர்ந்து, 1947 இல் மறையும்வரை அங்கேயே பணிபுரிந்தார். விபுலாநந்த அடிகளைப் பார் என்போம். விஞ்ஞானப் பட்டதாரியாய், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராய் இருந்தவர், 1922 இல் அனைத்தையும் விட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடம் புகுந்தார். பல்லாண்டு ஆராய்ந்து 'யாழ் நூல்' தந்தார்.

இவற்றையே அவனுக்கும் சொல்லத் தொடங்கினேன். சொல்லும்போதே என் நாத் தடுமாறிற்று. குமாரசுவாமி செல்வக் குடியிற் பிறந்தவர். பதவியைத் துறந்தபோது அவர் வீட்டில் அடுப்பு அணையவில்லை. அடிகளோ இல்லறச் சுமையையே துறந்தவர். இருவரும் போற்றுதற்குரியோரே. ஆயினும் ஒருவருக்கு முன்னோர் தேடிய பொருள் துணைநின்றது. மற்றவருக்குத் துறவு துணைநின்றது. இவ்விரண்டும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அவர்களை மட்டும் உதாரணமாகக் காட்டுவது நேர்மையாகுமோ?

மூன்றாவதாக ஒருவர் உளர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தமிழகத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்தார். பின்னர்க் கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். அந்த உழைப்பின் நடுவிலேதான் செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஊதியத்தை அவர் வெறுக்கவில்லை. தாம் விரும்பிய தமிழுக்கு அதனை ஏவல்கொண்டார். இளைப்பாறும் நேரத்தை இழந்தாரென்பது உண்மை. அந்த இழப்பு அவருடையது.

இனி என் கதை. 1968 இல் கொழும்பில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். பேரேடுகளில் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தபோதும் மனம் எழுத்திலேயே கிடந்தது. மூன்றாண்டுகள் கழித்து வேலையை விட்டு, யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் ஒப்புநோக்குநராக அமர்ந்தேன். சம்பளம் முன்னையதிற் பாதி. ஆயினும் என்ன இன்பம்! மை காயாத அச்சுப்படியில், றகரம் நிற்க வேண்டிய இடத்தில் ரகரம் நிற்கக் கண்டு அதனைத் திருத்துகையில், வயலிற் களை பறித்த உழவனின் நிறைவு உண்டாகும். முப்பது ஆண்டுகள் அவ்வேலை செய்தேன். ஒருநாளும் சலித்ததில்லை.

ஆனால் விலகற் கடிதத்தை அஞ்சலிற் சேர்த்த பின்னரே வீட்டாருக்கு அறிவித்தேன். அக்காவுக்கு அப்பொழுது ஒரு சம்பந்தம் பேசியிருந்தார்கள். தம்பியின் கொழும்புச் சம்பளத்தை நம்பியே சீதனம் பேசப்பட்டது. சம்பளம் நின்றது, சம்பந்தமும் நின்றது. அதன்பின் வேறொன்று அமையவில்லை. அவள் பாய் இழைத்தும் தோட்டத்திற் புல்லுப் பிடுங்கியும் எங்கள் வீட்டைத் தாங்கினாள். நான் ஒப்புநோக்கிய நூல்களை அவளிடம் கொடுப்பேன். பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, "இதில் உன்ரை பேர் எங்கையடா தம்பி கிடக்கு?" என்று சிரிப்பாள்.

இந்தக் கதையை அவ்விளைஞனுக்குச் சொன்னேன். "தம்பி, இன்பமா, ஊதியமா என்று கேட்குமுன், யாருடைய செலவில் என்று கேள். விலை கொடுப்பவன் நீயே என்றால் துணிந்து போ. பிறர் கொடுக்க நேருமாயின் அவர்களுடைய சம்மதத்தைப் பெற்றுக்கொள். இவ்விரண்டு கடிதங்களையும் இன்றிரவு தாயின் முன்னும் தங்கைமார் முன்னும் வை. அவர்கள் என்ன சொன்னாலும் வயலினை மட்டும் கைவிடாதே, வங்கி மூடிய பின்னும் மாலைப்பொழுது இருக்கின்றது" என்றேன். அவன் கடிதங்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து சென்றான்.

அவனிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகின்றேன். அக்கா இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், அடக்க மாட்டாமல் அவளிடம் கேட்டேன்: "நான் அந்த வேலையை விட்டது பிழைதானே அக்கா?"

அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்பு சொன்னாள்: "விட்டது பிழையில்லையடா. நீ கேட்டிருந்தால் நான் விடு எண்டுதான் சொல்லியிருப்பன். நீ கேக்கேல்லை."