பழைய வேட்டி மிச்சப்படுத்தும் பணம்!

குழந்தை பிறந்தால் வீட்டில் மகிழ்ச்சி பிறக்கிறது. கூடவே செலவும் பிறக்கிறது.

பால் செலவு, மருந்துச் செலவு, டாக்டர் செலவு. இவற்றைத் தள்ளிப் போட முடியாது. ஆனால் ஒரு செலவை மட்டும் குறைக்கலாம். அதுதான் டயப்பர் செலவு.

ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். கணவனுக்கு மாதச் சம்பளம் 15 ஆயிரம் ரூபாய். ஒரு டயப்பரின் விலை 10 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். நாள் ஒன்றுக்கு 6 டயப்பர் என்றால் 60 ரூபாய். மாதத்துக்கு 1,800 ரூபாய்!

இந்தச் செலவுக்குப் பயந்து சிலர் என்ன செய்கிறார்கள்? காலையில் கட்டிய டயப்பரை மாலை வரை விட்டு விடுகிறார்கள். ஈரத்தில் ஊறிய தோல் சிவந்து புண்ணாகிறது. மிச்சம் பிடித்த பணம் மருந்துக் கடைக்குப் போகிறது.

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. அது வீட்டுப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பழைய வேட்டிதான் அது!

இரண்டு வேட்டி, 24 துணி

எட்டு முழ வேட்டி 12 அடி நீளம் இருக்கும். அகலம் சுமார் 4 அடி. அதை இரண்டடிச் சதுரமாகக் கிழித்தால் 12 துணி கிடைக்கும். இரண்டு வேட்டிக்கு 24 துணி. ஓரத்தை மடித்துத் தைத்து விட்டால் நூல் பிரியாது.

பல தடவை துவைத்த பருத்தித் துணி பூப்போல இருக்கும். ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும். பாலியஸ்டர் கலந்த துணி இதற்கு உதவாது. சரிகைக் கரை தோலை உறுத்தும். அதை வெட்டி விட வேண்டும்.

பச்சைக் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை துணியை நனைத்து விடும். 24 துணி இருந்தால், ஒரு பாதி கொடியில் காயும்; மறு பாதி கையில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இன்னும் ஒரு டஜன் சேர்த்து வைப்பது நல்லது.

கட்டுவது எப்படி?

துணியைக் குறுக்கே மடித்தால் முக்கோணம் ஆகும். நீளமான பக்கம் குழந்தையின் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். நடு முனையைக் கால்களுக்கு இடையே கொண்டு வந்து, மற்ற இரண்டு முனைகளையும் அதன் மேல் முடிச்சிட வேண்டும்.

ஊக்கு குத்தக் கூடாது. அவிழ்ந்தால் ஆபத்து. தொப்புள் கொடி விழும் வரை, முடிச்சு தொப்புளுக்குக் கீழேயே இருக்க வேண்டும். இறுக்கக் கூடாது. குழந்தை காலை மடக்கி, விரித்து, உதைத்து விளையாட இடம் வேண்டும். கால்களை நேராக நீட்டிச் சேர்த்துக் கட்டினால் இடுப்பு மூட்டுக்குக் கெடுதல்.

துணி நனைந்த உடனே மாற்ற வேண்டும். மாற்றும்போது சிறிது நேரம் காற்றுப்பட விடலாம். பவுடரை அள்ளிப் போட வேண்டாம். அது குழந்தையின் மூச்சில் போகும். புண் இரண்டு மூன்று நாளில் ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

துவைப்பதில்தான் சூட்சுமம்

மலம் பட்ட துணியை முதலில் கழிவறையில் அலசி விட வேண்டும். குளத்திலோ, வாய்க்காலிலோ அலசக் கூடாது. குழந்தையின் மலத்திலும் நோய்க் கிருமி உண்டு.

பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து, நுரை போகும் வரை அலச வேண்டும். சோப்பு தங்கினால் தோல் எரியும். மலம் பட்ட துணியைக் கொதிக்கும் நீரில் சிறிது நேரம் போட்டு எடுப்பது நல்லது. கஞ்சி போடக் கூடாது. வாசனைத் திரவமும் வேண்டாம். அது துணியின் உறிஞ்சும் சக்தியைக் குறைத்து விடும்.

கடைசியில் நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். அரை ஈரத் துணியைக் கட்டவே கூடாது. வேலை முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவ மறக்கக் கூடாது.

இங்கிலாந்தில் 2008-ஆம் ஆண்டு அரசாங்கம் ஓர் ஆய்வு அறிக்கையை வெளியிட்டது. துணியா, டயப்பரா, எது சுற்றுப்புறத்துக்கு நல்லது என்பது கேள்வி. 'துவைக்கும் முறையைப் பொறுத்தது' என்பது பதில். மெஷின் நிறையப் போட்டுத் துவைத்து, கொடியில் காய வைத்து, அடுத்த குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால், துணியால் வரும் புவி வெப்பமாதல் பாதிப்பு 40 சதவீதம் குறையும் என்று அது கூறியது.

அங்கே வெயிலுக்குத் தவம் கிடக்க வேண்டும். இங்கே வெயில் இனாம்!

தாத்தாவுக்கு வந்த அலுப்பு

துணி இவ்வளவு நல்லது என்றால் டயப்பர் ஏன் வந்தது?

அமெரிக்காவில் 1946-ல் மாரியன் டோனோவன் என்ற தாய், குளியலறைத் திரையை வெட்டித் தைத்து, துணிக்கு மேல் போடும் ஓர் உறையைச் செய்தார். குழந்தையின் ஈரம் படுக்கையையும் நனைத்து, துவைக்கும் வேலையைப் பெருக்கியதுதான் காரணம்.

விக்டர் மில்ஸ் என்பவர் ஒரு பெரிய சோப்புக் கம்பெனியில் என்ஜினீயர். பேரக்குழந்தையின் துணியை மாற்றி மாற்றி அவருக்கு அலுத்து விட்டது. அவரும் சக ஊழியர்களும் செய்த முயற்சியில் 1961-ல் பாம்பர்ஸ் என்ற டயப்பர் விற்பனைக்கு வந்தது.

சில நாள் துணி மாற்றிய தாத்தாவுக்கே அலுப்பு வந்தது. தினமும் துவைக்கும் தாய்க்கு வராதா?

மிச்சம் யாருக்கு? பாரம் யாருக்கு?

இதைத்தான் பல வீடுகளில் மறந்து விடுகிறார்கள். துணியால் பணம் மிச்சம் ஆகிறது, உண்மை. ஆனால் அந்த மிச்சத்துக்கு ஒருத்தியின் இடுப்பு வலி விலையாகக் கூடாது.

பிள்ளை பெற்ற உடம்பு பச்சை உடம்பு. அறுவைச் சிகிச்சை செய்து கொண்ட பெண், நிறைந்த வாளியைத் தூக்கக் கூடாது. குனிந்து கல்லில் அடித்துத் துவைக்கவும் கூடாது. அந்த நாட்களில் கணவன் துவைக்கலாம். மாமனார் கொடியில் உலர்த்தலாம். மூத்த பிள்ளை காய்ந்த துணியை மடித்து வைக்கலாம். இதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

டயப்பரை அறவே ஒதுக்க வேண்டும் என்பதும் இல்லை. பகலில் துணி, இரவில் ஒரு டயப்பர். ஊருக்குப் போகும்போது ஒன்று. தாயும் தூங்கலாம், குழந்தையும் தூங்கலாம். பயன்படுத்திய டயப்பரைத் தாளில் சுற்றித் தனியாகப் போட வேண்டும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். இரவுக்கு ஒன்று என்றால் மாதம் 300 ரூபாய். சோப்புக்கு 200 ரூபாய் என்று வைத்தாலும் மொத்தம் 500 ரூபாய்தான். மிச்சம் 1,300 ரூபாய்! தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் வீட்டில் அந்தச் செலவையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பணத்தில் ஒரு பங்கைத் தாயின் பாலுக்கும், கீரைக்கும், முட்டைக்கும் ஒதுக்கலாம். அது குழந்தைக்கே திரும்பி வரும்.

வேட்டி பழையது. வெயில் இலவசம். இரண்டோடும் வீட்டார் கையும் சேர வேண்டும். அப்போதுதான் அது உண்மையான சிக்கனம்!