எண்ணத் தெரிந்தது எப்போது?

நூறு வரை ஒப்பிக்கும் குழந்தைக்கு எண்ணத் தெரியும் எனலாமா? கூடாது. ஸ்ரீரங்கம் கோவிலின் ஏழு திருச்சுற்றுகளை எண்ணிப் பாருங்கள். சுற்றுக்கு ஓர் எண்தான் வர வேண்டும். எண்களின் வரிசை மாறக்கூடாது. கடைசியாகச் சொல்லும் 'ஏழு'தான் மொத்தத் தொகை. கெல்மன், காலிஸ்டல் என்னும் உளவியலறிஞர்கள் 1978-இல் விளக்கிய ஐந்து விதிகளில் முதல் மூன்று இவையே.

கற்பதில் தனி உதவி வேண்டும் குழந்தைகளுக்கும் முதற் குறிக்கோள் இவையே. பல்லாங்குழியின் ஒரு வரிசையில் ஏழு குழிகள். குழிக்கு ஒரு புளியங்கொட்டை போடச் செய்யுங்கள். பார்வையற்ற குழந்தையும் தொட்டு எண்ணும். திருச்சி மலைக்கோட்டையில் படிக்கு ஓர் எண்ணாகக் காலாலும் எண்ணலாம்.

பிறகு, "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். குழந்தை மறுபடியும் "ஒன்று, இரண்டு" என்று தொடங்கினால், மூன்றாம் விதி இன்னும் பிடிபடவில்லை. இரண்டு, மூன்று கொட்டைகளோடு மீண்டும் பழக்குங்கள்.

இப்படியைத் தாண்டிக் கூட்டலுக்குத் தாவினால், 'கணக்கு வராத பிள்ளை' என்ற பெயரே மிஞ்சும். கணக்குக் கற்பதில் உள்ள இடர்ப்பாட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஏற்றுள்ளது. எனவே அது சோம்பலன்று. அத்தகைய குழந்தைக்குத் தேவை தண்டனையன்று, சிறு படிகளும் பொறுமையுமே.