தாத்தா பிறந்தது 1790ல்

அமெரிக்காவின் அடிமைக் காலத்தை அப்பா, தாத்தா காலமாக அறிந்திருந்த இரு முதியவர்கள் மறைந்துவிட்டார்கள்

ஜான் டைலர் பிறந்த 1790ல் அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியில் இருந்தார். மைசூரைத் திப்பு சுல்தான் ஆண்டுகொண்டிருந்தார். டைலர் 1841ல் அந்நாட்டின் பத்தாவது அதிபரானார். அவருடைய பேரன் ஹாரிசன் ரஃபின் டைலர் காலமானது 2025 மே மாதத்தில்.

கொள்ளுப்பேரன் அல்ல, மகன் வயிற்றுப் பேரன்தான். கணக்கு எளிது. இரண்டாம் மனைவி மூலம் டைலருக்கு 1853ல் லியான் பிறந்தபோது அவருக்கு வயது 63. லியானும் மறுமணம் செய்துகொண்டு 1928ல் ஹாரிசனுக்குத் தந்தையானார், 75 வயதில். மூன்றே தலைமுறை, 235 ஆண்டுகள்.

கேட்பவர்கள் வியந்து சிரிக்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சங்கடமும் இருக்கிறது. வர்ஜீனியாவில் டைலரின் ஷெர்வுட் ஃபாரஸ்ட் பண்ணையில் உழைத்தவர்கள் அடிமைகள். உள்நாட்டுப் போர் மூண்டதும், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் பக்கம் அவர் சேர்ந்தார். 1862ல் இறந்தார்.

மறு ஆண்டு அதே வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர் ஏப்ரம் ஸ்மித். முதுமையில் அவருக்குப் பிறந்த மகன் டேனியல், 1932ல். கசையடிக் கம்பம், அடிமைகளைத் தூக்கிலிட்ட மரம் என்று தந்தை பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகள் டேனியலின் மனதில் தங்கிவிட்டன. 1963ல் வாஷிங்டன் பேரணியில் அவர் நடந்தார். 1965ல் செல்மாவிலும் நடந்தார். 2009ல் ஒபாமா பதவியேற்றதை நேரில் பார்த்தார். 2022 அக்டோபரில், 90 வயதில், மறைந்தார்.

மெல்லிய இழை

அதிபர் இறந்தபோது லியானுக்கு எட்டு வயது. லியான் இறந்தபோது ஹாரிசனுக்கு ஆறு. டேனியல் தந்தையை இழந்ததும் ஆறு வயதில்தான். தலைமுறைகளைத் தாண்டி வந்த நினைவு இத்தனை மெல்லிய இழையில்தான் தொங்கியது.

ஆனால் டைலர் குடும்பத்தில் நினைவைத் தாங்க ஒரு வீடு இருந்தது. ஹாரிசன் அதை மீட்டுச் சீரமைத்தார். அதோடு நிற்கவில்லை. அருகிலிருந்த பொகாஹாண்டஸ் கோட்டை நிலத்தையும் 1996ல் வாங்கிப் பாதுகாத்தார். தாக்க வந்த தென் மாநிலக் குதிரைப்படையை 1864ல் கறுப்பின வீரர்கள் விரட்டியடித்த களம் அது. தாத்தா நின்ற பக்கம் தோற்ற இடத்தைப் பேரன் காப்பாற்றினார்.

அடிமைகளாகப் பிறந்தவர்களில் பலருக்கு வீடும் இல்லை, கடிதக் கட்டும் இல்லை. வாய்மொழிதான் ஆவணம். 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசு எழுத்தாளர்களை அனுப்பி, 2,300க்கும் மேற்பட்ட முன்னாள் அடிமைகளின் நினைவுகளைப் பதிவு செய்தது. அந்தத் திட்டம் சில ஆண்டுகள் தாமதமாகியிருந்தாலும் அந்தக் குரல்களில் பல மண்ணோடு போயிருக்கும்.

அடிமை முறை என்றோ முடிந்த கதை, இன்னும் ஏன் பேச்சு என்று அமெரிக்காவில் கேட்பவர்கள் உண்டு. "அது என் அப்பாவின் வாழ்க்கை" என்று சொல்லக்கூடிய ஒருவர் 2022 வரை இருந்தார். இனி அந்தப் பதிலைப் பழைய காகிதங்கள்தான் சொல்ல வேண்டும், படிக்க ஆள் இருந்தால்.