தொடக்கப் பட்டியலில் கைவைக்கும் முன்

கோப்பாயில் ஆசிரியர்களை உருவாக்கும் நிறுவனங்கள் இரண்டு இருக்கின்றன: ஆசிரிய கலாசாலையும் யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரியும். பாடக்குறிப்பு, வினாத்தாள், செயலட்டை எனத் தமிழில் தட்டச்சு செய்யும் வேலைக்கு இப்படியான ஊரில் குறைவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. அதன்பின் புதுக் கணினி வாங்குவது எளிதான காரியமில்லை. பழைய மடிக்கணினியையே இழுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. அது திறக்க நேரமெடுத்தால் உடனே கிடைக்கும் ஆலோசனை, “ஸ்டார்ட்அப்பில் (கணினி திறக்கும்போதே ஓடத் தொடங்கும் நிரல்களின் பட்டியலில்) இருப்பதையெல்லாம் நிறுத்து” என்பது. இதை அப்படியே செய்தால் முதலில் அடிபடுவது தமிழ்த் தட்டச்சு.

சி.ரி.எவ்.மொன் என்ற சிறு நிரலைப் பாருங்கள். எழுதும் மொழியை மாற்றுவது உட்பட, எழுத்து உள்ளீட்டைக் கவனிக்கும் விண்டோஸ் நிரல் இது. எக்ஸ்பி காலத்திலிருந்தே ஆங்கில ஆலோசனைப் பட்டியல்கள் பல இதைத் தேவையற்றது என்று சொல்லிவந்தன. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவருக்கு அன்றைக்கு அது பொருந்தியிருக்கலாம். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறி எழுதுபவருக்குப் பொருந்தாது. விண்டோஸ் 10இல் இது ஓடாவிட்டால் தேடல் பெட்டியில் ஓர் எழுத்துக்கூட விழாமல் போவதுண்டு. “எங்கள் கணினியில் தொடுதிரையே இல்லையே” என்று தொடுவிசைப்பலகைச் சேவையை முடக்கினாலும் அதே கோளாறு வரலாம்; சி.ரி.எவ்.மொன்னை இயக்கிவிடுவதில் அந்தச் சேவைக்கும் பங்கு உண்டு.

என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களும் கணினி திறக்கும்போதே பின்னணியில் ஏறிக்கொள்பவைதான். அவற்றை நிறுத்திவிட்டால், பாமினி விசைப்பலகை முறையில் விரல் பழகியவர் விசையைத் தட்டும்போது யுனிகோட் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தே விழும். பழைய பாமினி எழுத்துருவில் செய்த ஆவணங்களோ வழக்கம்போலத் திறக்கும். அதனால் எது கெட்டது என்று கண்டுபிடிக்கவே நேரம் போகும்.

நிறுத்தினால் இழப்பில்லாதவையும் நிறைய உண்டு. ஸ்பொட்டிஃபை, ஸ்ரீம், சூம், ரீம்ஸ் போன்றவை தேவைப்படும்போது திறந்தால் போதும். ஒன்ட்ரைவ், கூகுள் ட்ரைவ் இரண்டையும் யோசித்தே நிறுத்த வேண்டும்: அவை ஓடாதவரை உங்கள் கோப்புகளின் புதிய பிரதி மேகத்துக்குப் போகாது, அந்த இடைவெளியில் வன்தட்டு பழுதானால் அன்றைய வேலை போய்விடும். தொடுபலகை, ஒலி, இணைய டொங்கிள் ஆகியவற்றின் மென்பொருள்கள் வன்பொருளோடு பிணைந்தவை, காரணமில்லாமல் தொடவேண்டாம். வைரஸ் தடுப்பை ஒருபோதும் நிறுத்தக்கூடாது.

பட்டியலில் வெளியீட்டாளர் பெயர் மைக்ரோசொஃப்ட் என்று இருந்தால் பயமில்லை என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. அச்சகத்துக்கும் பாடசாலைக்கும் வீட்டுக்கும் அலையும் பென்ட்ரைவில் கோப்புறைகளெல்லாம் குறுக்குவழிகளாக மாறிக்கிடப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். அந்த வகைத் தீநிரல்களில் சில, விண்டோஸோடு வரும் ஸ்கிரிப்ட் இயக்கியைக் கொண்டே தம்மை ஓடவைக்கின்றன. பட்டியலில் தெரிவது மைக்ரோசொஃப்டின் பெயர். ஓடுவது பயனர் கோப்புறைக்குள் ஒளிந்திருக்கும் வேறொன்று. ராஸ்க் மனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தலைப்பு வரிசையை வலது சொடுக்கி ‘கொமாண்ட் லைன்’ என்பதைத் தெரிவுசெய்தால் முழுப் பாதையும் தெரியும். ரெம்ப், அப்டேற்றா போன்ற இடங்களிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் ஓடினால் அது சந்தேகத்துக்குரியது. அதை நிறுத்துவது முதல் படி மட்டுமே. வைரஸ் தடுப்பால் முழுக் கணினியையும் சோதித்தாக வேண்டும்.

பெயரை மட்டும் பார்த்து முடிவெடுத்ததால் உலகமே ஒருமுறை ஏமாந்திருக்கிறது. 2002இல் கரடிக்குட்டிச் சின்னம் கொண்ட ஒரு கோப்பு வைரஸ் என்று மின்னஞ்சல் ஒன்று நாடுநாடாகச் சுற்றியது. நம்பியவர்கள் அதைத் தேடி அழித்தார்கள். அது விண்டோஸோடு வந்த ஜாவா பிழைதிருத்தியின் பகுதி. தேவையானதை நிறுத்திவைப்பதால் வரும் கேடு இதைவிடப் பெரிது. மைக்ரோசொஃப்ட் 2017 மார்ச்சில் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. மே 12ஆம் திகதி வொனாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, அந்தத் திருத்தம் ஏறாத கணினிகள்தான் சிக்கின. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேல். வேகத்துக்காக விண்டோஸ் அப்டேற் சேவையை முடக்கிவைப்பவர் அதே நிலைக்குத் தம் கணினியைக் கொண்டுபோகிறார்.

ஸ்டார்ட்அப் பகுதியும் சேவைகள் பட்டியலும் ஒன்றல்ல. முதலாவதில் நிறுத்தியதை அங்கேயே மீண்டும் இயக்கலாம். சேவைகளிலோ ஒன்றை நம்பிப் பல இயங்குகின்றன. எது எதைத் தாங்குகிறது என்று அறியாதவர் அங்கே போகவே வேண்டாம். எல்லாம் செய்தும் கணினி மெதுவாகவே திறந்தால், சுழலும் பழைய வன்தட்டோ போதாத நினைவகமோ காரணமாக இருக்கலாம். வன்தட்டை எஸ்.எஸ்.டி.யாக மாற்றினால் கிடைக்கும் வேகத்தை எந்த நிரலை நிறுத்தியும் பெற முடியாது.

ஆகவே, யாரோ தந்த பட்டியலை வைத்துக்கொண்டு கணினியில் கைவைக்காதீர்கள். இப்போதுள்ள நிலையை முதலில் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நிறுத்துங்கள், எதையும் அழிக்காதீர்கள். கணினியை மறுபடி தொடக்கி, தமிழில் ஒரு வரி அடித்து, ஒரு பக்கம் அச்சிட்டு, இணையத்தையும் பாருங்கள். எல்லாம் சரியென்றால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள். என்னவென்று தெரியாததை, தெரிந்துகொள்ளும்வரை அப்படியே விடுங்கள்.